இந்த முனை

கக்கதாசபுரா. இரவு ஒன்று நாற்பது.
கரண்ட் வந்துவிட்டது, யூபிஎஸ் இன்னும் நம்பாமல் கீச்சிடுகிறது.
இரண்டு நெட்வொர்க் கார்டு செருகிய ஒரு பெட்டி
தான் எந்தக் கார்டு வழியாகப் பேசுகிறோம் என்று
தன் லாகில் எழுதிக்கொள்ள வேண்டும்.
விடிவதற்குள் என் வேலை அவ்வளவுதான்.

சாக்கெட்டைத் திறந்து
கெட்சாக்நேம் என்று கேட்டேன்.
வெற்றி என்றது. ஆனால்
முகவரிக்கென்று வைத்த இடத்தில்
வேறெந்த ஃபங்ஷனோ விட்டுப்போன எச்சில்.
நீளத்துக்கான மாறியில் மட்டும் புதிதாக ஒரு பதினாறு.
அதில் பூஜ்ஜியம் கிடந்ததை நான் பார்க்கவில்லை.
பாத்திரமறிந்து பிச்சையிடு என்பதைக்
கர்னலுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்:
ஏந்தாத இடத்தில் ஒன்றும் இடாமல்
எவ்வளவு பெரிய பாத்திரம் வேண்டும் என்று மட்டும்
சொல்லி அனுப்பியிருக்கிறது.
கல்யாண வீட்டு வாழ்த்துப் போலப்
பதினாறும் பெற்றுத் திரும்பி வந்தேன்.

இந்த முறை பதில் வந்தது.
0.0.0.0
போர்ட் 0.

பொய்யில்லை.
யார் பக்கமும் திரும்பாத சாக்கெட்டுக்கு
இந்தப் பக்கம் என்று ஒன்று கிடையாது.

நடுவில் போன். குஷ்கா கொண்டுவந்த பையன்.
"மேடம், லெவன்த் கிராஸ்ல நிக்கிறேன்."
லெவன்த் ஏ கிராஸ், என்றேன்.
"ஏ எங்கே மேடம்?"
ட்வெல்த் தாண்டி.
அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை.
இந்த ஊருக்காக நான் மன்னிப்புக் கேட்டேன்.

திரும்பி வந்து, தூரத்து மெஷின் ஒன்றின் பெயரைச் சொல்லி
கனெக்ட் என்றேன். யூடிபி.
ஒரு பாக்கெட்டும் வெளியே போகாது இதில்.
எதிராளி உயிரோடு இருக்கிறாரா என்றுகூடக் கேட்பதில்லை.
ரவுட்டிங் டேபிளை ஒருமுறை புரட்டி
அவரிடம் போவதென்றால் இந்த வாசல் என்று
கர்னல் தீர்மானிக்கிறது, அவ்வளவே.
பிறகு கேட்டேன்.
10.20.4.17, போர்ட் 28338.

போர்ட் தலைகீழ்.
கவரில் நாம் கதவிலிருந்து ஊருக்கு எழுதுகிறோம்,
தபால் பிரிப்பவர் ஊரிலிருந்து கதவுக்கு வாசிக்கிறார்.
இரண்டு பைட்டை இடம் மாற்றினேன்: 45678.

வேறொரு திசையைக் காட்டினால் 192.168.8.3.
தன்னையே காட்டினால் 127.0.0.1.
ஒரே பெட்டிதான். பார்க்கிற ஆளுக்குத் தக்கபடி
முகத்தில் வரி மாறுகிறது.

வாட்ச்மேன் பிபேக்கிற்கு நான் ஃபோர்த் ஃப்ளோர்.
சம்பளப் பட்டியலில் எம். அரசி.
வீட்டுக்காரர் லிங்கராஜுவிடம் என் கன்னடம்
வாடகைத் தேதி வரைக்கும் போகும், அதற்கு மேல் சிரிப்பு.
முழுப்பெயர் மங்கையர்க்கரசி. அந்தப் பெயரில்
கடைசியாகக் கூப்பிட்டவள் தபசும்,
மார்ச்சில் அறையைக் காலி செய்தபோது,
ஒவ்வொரு எழுத்தையும் அழுத்தி.

அவள் எண்ணை எடுத்து வைத்தேன்.
பச்சைப் பொத்தானுக்கு மேலே கட்டைவிரல்.
அழைக்கவில்லை.
ஒன்றும் வெளியே போகவில்லை.
ஆனாலும் தொண்டையில் எந்தக் குரல் வந்து நின்றதென்று
தெரிந்துவிட்டது.
வருத்தம் சொல்கிற குரல் வரும் என்றுதான்
இத்தனை மாதமும் நினைத்திருந்தேன்.
வந்தது, அட்வான்ஸில் பதினோராயிரம்
என்னாயிற்று என்று கேட்கிற குரல்.

இந்த முனையில் இவ்வளவுதான் தெரியும்.
வெளியே போகும்போது எந்த ரவுட்டர்
என்னை எந்த எண்ணாக மாற்றி அனுப்புகிறது,
அங்கே நான் யாராகப் போய்ச் சேர்கிறேன்,
அதையெல்லாம் அந்த முனையைத்தான் கேட்க வேண்டும்.

குளோஸ்.
போன் கறுத்துவிட்டது.
லாகில் ஒரு வரி, சரியான போர்ட்டோடு.

காலிங் பெல்.
பிபேக் கீழேயிருந்து கத்துகிறான்:
ஃபோர்த் ஃப்ளோர்!
நான்தான்.